கடைசி வகுப்புக் குதிரைக்கு என்ன விலை?

குதிரைப் பந்தயத்தைப் பற்றி விவரமாக எழுதுங்கள் என்று நண்பர்கள் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது ஒரே பதில்தான்: "எந்தக் குதிரை ஜெயிக்கும்?" எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி: "எந்தக் குதிரைக்குக் கிடைக்கிற விலை நியாயமாக இருக்கிறது?" விலை என்றால், ஜெயித்தால் ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் தருவார்கள் என்பது. கேட்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். இந்த இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டதில் எத்தனையோ குடும்பங்களின் பணம் கரைந்திருக்கிறது.

எங்கள் திருக்கோஷ்டியூர்ப் பக்கம் குதிரை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அய்யனாரின் மண் குதிரைதான். சிங்கம்புணரி, திருப்பத்தூர் வட்டாரத்தில் புரவி எடுப்பு நடந்தால், வேளார் செய்த குதிரைகளை ஊரே தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகும். பந்தயக் குதிரைக்கும் செட்டிநாட்டுக்கும் உறவு உண்டு. காரைக்குடி தாண்டினால் கானாடுகாத்தான். அந்த அரண்மனைக் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஏ.எம். ராமசாமி, மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். 500-க்கும் மேற்பட்ட கிளாசிக் வெற்றிகளோடு கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தவர். 2015 டிசம்பரில் மறைந்தார். அவருடைய லாயத்துக் குதிரைகளைப் பற்றிப் பேச ஆள் நிறைய. நான் எழுதப்போவது ஏணியின் அடிப்படியில் நிற்கிற குதிரைகளைப் பற்றி. பெயரே யாருக்கும் நினைவிருக்காத, ஆனால் ஒவ்வொரு பந்தய நாளிலும் ஒன்றிரண்டு ரேஸ்களை நிரப்புகிற குதிரைகள். பந்தயக் கணக்கு உண்மையில் சூடுபிடிப்பது அங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசி வகுப்பு எப்படி உருவாகிறது

இந்தியாவில் பந்தயக் குதிரைகளுக்கு ஹேண்டிகேப்பர் என்ற அதிகாரி ரேட்டிங் கொடுப்பார். ஜெயித்தால் புள்ளி ஏறும். தோற்றுக்கொண்டே வந்தால் இறங்கும். அந்தப் புள்ளியை வைத்துத்தான் வகுப்பு, பொதுவாக இப்படி: 80-க்கு மேல், 60 முதல் 85, 40 முதல் 65, 20 முதல் 45, கடைசியாக 0 முதல் 25. ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ எடை. ரேட்டிங் 25 உள்ள குதிரை 60 கிலோ சுமந்தால், 15 உள்ளது 55 கிலோ சுமக்கும். நல்ல குதிரைக்குக் கூடுதல் பாரம், சுமார் குதிரைக்குக் குறைந்த பாரம். எல்லாம் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடவேண்டும் என்பதுதான் ஹேண்டிகேப்பரின் கனவு.

0–25 வகுப்பில் யார் யார் இருப்பார்கள்? மூன்று வயதில் ஒரு ரேஸ் ஜெயித்து, அதற்குப் பிறகு எதுவுமே ஜெயிக்காத குதிரை. கால் வீங்கி ஓய்வெடுத்துத் திரும்பிய குதிரை. வயதான குதிரை. ஓடத் தெரிந்தும் கூட்டத்துக்கு நடுவே நுழையப் பயப்படுகிற குதிரை. இவற்றோடு, மேல் வகுப்பில் அடிவாங்கிப் புள்ளி குறைந்து இப்போதுதான் கீழே வந்த குதிரை ஒன்று. டெர்பி ஓடுகிற குதிரையைப் பத்திரிகைக்காரரிலிருந்து பெட்டிக்கடைக்காரர் வரை எல்லோரும் அலசியிருப்பார்கள். அதன் விலையில் பெரிய பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. கடைசி வகுப்பை யாரும் பொறுமையாகப் படிப்பதில்லை. "இதுல எது வந்தா என்ன" என்று ரேஸ் புத்தகத்தை மடக்கிவிடுகிறார்கள், அல்லது யாரோ காதில் சொன்ன நம்பரில் கட்டுகிறார்கள். கவனிக்க ஆளில்லாத இடத்தில் விலை கோணலாக நிற்கும்.

விலையைக் கேள்

மாசி மகத் தெப்பத்துக்கு ஊர் வருகிற பிள்ளைகளில், பெங்களூரில் வேலை பார்க்கிற என் அண்ணன் மகனும் ஒருவன். குளக்கரையில் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"சித்தப்பா, அடுத்த வாரம் பெங்களூர்ல மூணாவது ரேஸ்ல ஒரு குதிரை கண்டிப்பா வரும்ங்கிறாங்க. கட்டலாமா?"

"என்ன விலை குடுக்கிறாங்க?"

"வெலையெல்லாம் அன்னைக்குத்தான் தெரியும். குதிரை நல்ல குதிரை சித்தப்பா."

"நல்ல குதிரையா இருக்கட்டும்ப்பா. பத்துத் தடவை ஓடுனா எத்தனை தடவை ஜெயிக்கும்? அதைச் சொல்லு மொதல்ல."

அவன் யோசித்தான். யோசித்ததே எனக்குச் சந்தோஷம். அவனுக்கு அன்று சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்து வட்டித்தொழில் நடத்திய நம் நகரத்தார் பெரியவர்கள், கடன் கேட்டு வந்தவன் நல்லவனா என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இவனுக்கு, இந்த அடமானத்துக்கு, இந்த நாளில் என்ன வட்டி என்று பார்த்தார்கள். நல்லவனுக்கும் குறைந்த வட்டியில் கொடுத்தால் நட்டம் வரலாம். கொஞ்சம் சந்தேகமானவனுக்கும் தகுந்த வட்டி கிடைத்தால் கணக்கு நிற்கும். பந்தயத்திலும் அந்தக் கண்தான் வேண்டும். ஜெயிக்கும் வாய்ப்பு ஒரு பக்கம், அதற்குக் கொடுக்கிற விலை ஒரு பக்கம். இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்காமல் கட்டுகிற பணம் காணிக்கையாகத்தான் போகும்.

பலகையைப் படிப்பது

பந்தய மைதானத்தில் விலை இரண்டு வழியில் வரும். புக்கி ஒரு விலை எழுதிப்போடுவார்; நீங்கள் டிக்கெட் வாங்கும் நேரத்து விலை உங்களுடையது. டோட் என்பது வேறு. கட்டிய பணத்தையெல்லாம் ஒரே குவியலாகச் சேர்த்து, கிளப்பின் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்த டிக்கெட்காரர்களுக்குப் பங்கு போடுவது. 1860-களில் பாரிஸில் ஜோசப் ஓலர் தொடங்கிவைத்த முறை. 1913-இல் ஜார்ஜ் ஜூலியஸ் செய்த இயந்திரம் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அதைத் தானே கணக்குப் போட ஆரம்பித்தது. டோட்டில் உங்கள் எதிராளி கிளப் கிடையாது. உங்களோடு வரிசையில் நிற்கிற மற்றவர்கள். அவர்கள் தப்பாக நினைக்கிற இடத்தில்தான் உங்களுக்கு லாபம்.

ஒரு கற்பனை ரேஸ் எடுத்துக்கொள்வோம். 0–25 வகுப்பு, 1,200 மீட்டர், எட்டுக் குதிரைகள். புக்கியின் பலகையில் விலை இப்படி: முதல் குதிரைக்கு இரண்டுக்கு மூன்று, அடுத்ததற்கு ஒன்றுக்கு மூன்று, மூன்றாவதற்கு ஒன்றுக்கு ஐந்து, பிறகு ஒன்றுக்கு ஆறு, எட்டு, பத்து, கடைசி இரண்டுக்கும் ஒன்றுக்கு இருபது. விலையை வாய்ப்பாக மாற்றிப் பார்ப்போம். ஒன்றுக்கு மூன்று என்றால் ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் மூன்று ரூபாய் லாபம்; வாய்ப்பாகச் சொன்னால் நாலில் ஒரு முறை, அதாவது 25 விழுக்காடு. இதே கணக்கில் எட்டுக்கும்: 40, 25, 16.7, 14.3, 11.1, 9.1, 4.8, 4.8. கூட்டினால் ஏறக்குறைய 126 வருகிறது. ஒரு ரேஸில் மொத்த வாய்ப்பு 100-தான் இருக்க முடியும். அந்த மிச்சம் 26 புக்கியின் காப்பு. கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிறவர் ரேஸ் தொடங்குவதற்கு முன்பே பின்தங்கி நிற்பது இதனால்தான்.

ஆகவே பலகையைப் பார்ப்பதற்கு முன்னால், எட்டுக் குதிரைக்கும் உங்கள் விழுக்காட்டை நீங்களே எழுதவேண்டும். கூட்டினால் 100 வரவேண்டும். பலகையைப் பார்த்துவிட்டு எழுதினால் கை தானாகவே பலகைப் பக்கம் சாயும். உங்கள் கணக்கும் பலகையும் எங்கே பெரிதாகப் பிரிகின்றனவோ அங்கே மட்டும் நின்று யோசித்தால் போதும். பிரியாத இடத்தில் வேலை இல்லை.

எங்கே பிரியும்?

கடைசி வகுப்பில் விலை கோணலாகிற இடங்கள் சில உண்டு. நான் முதலில் பார்ப்பது, வகுப்பு இறங்கி வந்த குதிரையை.

வகுப்புகளின் எல்லையைத் திரும்பப் பாருங்கள். 20 முதல் 25 வரை உள்ள குதிரை இரண்டு வகுப்பிலும் ஓடலாம். ரேட்டிங் 24 உள்ள குதிரை 20–45 வகுப்பில் ஓடினால், அங்கே 45 உள்ள குதிரைக்கு 60 கிலோ என்றால் இதற்கு 49½ கிலோ. ஓடி ஒன்பதாவதாக வருகிறது. புள்ளி 22 ஆகிறது. அடுத்து 0–25 வகுப்புக்கு வருகிறது. இங்கே 25 உள்ளதற்கு 60 கிலோ என்றால் இதற்கு 58½. ரேஸ் புத்தகத்தைப் புரட்டுகிறவர் என்ன பார்க்கிறார்? போன தடவை 49½ கிலோவிலேயே ஒன்பதாவது, இந்தத் தடவை ஒன்பது கிலோ கூடுதல். "இது எங்க ஓடப்போகுது" என்று தள்ளிவிடுகிறார். கூடவே பார்க்க வேண்டியது, எதிராளிகளும் இறங்கியிருக்கிறார்கள் என்பது. பாரத்தைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. யாரோடு ஒப்பிட்டுப் பாரம் என்பதுதான் கேள்வி. போன ரேஸில் இது எத்தனை குதிரை நீளம் பின்தங்கியது, யாரிடம் தோற்றது, அந்தக் குதிரைகள் பிறகு என்ன செய்தன என்று பின்னால் போய்ப் பார்த்தால் பல தடவை இந்தக் குதிரை பலகை காட்டுவதைவிட நல்ல குதிரையாக இருக்கும்.

அடுத்தது, வகுப்பின் தரை. மேல் வகுப்புகளில் சரியாக ஓடாத குதிரை அடுத்த படிக்கு இறங்கும். 0–25-க்குக் கீழே படி இல்லை. ரேட்டிங் சுழியத்துக்குக் கீழே போகாது, குறைந்தபட்ச எடைக்கும் ஒரு எல்லை உண்டு. 25 புள்ளி வித்தியாசத்துக்கு 12½ கிலோதான். சில குதிரைகளின் உண்மையான தரம் அதற்கும் கீழே. அவற்றுக்கு இன்னும் ஐந்து கிலோ குறைத்துக் கொடுத்தால்தான் நியாயம், ஆனால் கொடுக்க வழியில்லை. இன்னொன்று, 49, 50 கிலோவில் ஏற ஜாக்கி கிடைப்பதே கஷ்டம். அட்டையில் 49 என்று இருக்கும், தராசில் ஜாக்கி 51 நிற்பார். இப்படிப் பார்த்தால் பன்னிரண்டு குதிரை ஓடுகிற ரேஸில் நாலைந்து குதிரைக்கு வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று தெரியவரும். அந்த நாலைந்தின் மேல் கட்டப்படுகிற பணம்தான் மற்ற குதிரைகளின் விலையை உயர்த்துகிறது.

மூன்றாவது, தூரம். கடைசிக் கட்டத்தில் ஓடிவந்து நாலாவது ஐந்தாவது என்று முடிக்கிற குதிரையை 1,000, 1,200 மீட்டரிலேயே ஓடவைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் 1,400-க்கோ 1,600-க்கோ பெயர் கொடுப்பார்கள். வரிசையாக நாலு, ஐந்து, ஐந்து என்று நிற்கிற அந்த எண்களைப் பார்த்து ஜனங்கள் ஒதுக்கிவிடுவார்கள். அந்த எண்களை உண்டாக்கிய தூரம் இன்று மாறியிருக்கிறது.

நான்காவது, ஓட்டத்தின் கதை. இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுக்கிறேன். முடிவு அட்டையில் ஏழாவது என்று போட்டிருக்கும். வீடியோவைத் திரும்பப் பார்த்தால், கேட் திறந்ததும் இரண்டு நீளம் தாமதமாகக் கிளம்பியிருக்கும்; திருப்பத்தில் நாலு குதிரை வெளியே சுற்றி வந்திருக்கும்; கடைசி 200 மீட்டரில் முன்னால் சுவர்போல நின்ற குதிரைகளுக்குப் பின்னால் ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருப்பார். ஏழாவது என்ற எண்ணுக்குள் இவ்வளவும் இருக்கிறது. நேராக ஓடி, எல்லா வசதியும் கிடைத்து இரண்டாவதாக வந்த குதிரையைவிட இது அடுத்த தடவைக்கு நல்ல விலை தரும்.

ஐந்தாவது, காலைப் பயிற்சி. டிராக் ஒர்க் நேரங்கள் செய்தித்தாளிலேயே வரும். 600 மீட்டர் 40 விநாடி என்று போட்டிருந்தால், அதை இழுத்துப் பிடித்து ஓடினதா, விரட்டி ஓடினதா என்பதையும் பார்க்கவேண்டும். ஓய்வுக்குப் பின் வருகிற குதிரைக்கு இந்த நேரங்கள் முக்கியம். வாராவாரம் ஓடுகிற குதிரைக்கு அவ்வளவு முக்கியமில்லை.

ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டுகிற பேடக்கில் குதிரை சுற்றி வரும்போது பார்க்கிற பார்வையும் உண்டு. அதை நான் பழகியது எங்கள் ஊர்ச் சாலைகளில். சிவகங்கைச் சீமையில் மாட்டு வண்டிப் பந்தயத்துக்கும் வகுப்பு உண்டு: பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு. வண்டி கிளம்புவதற்கு முன்னால் பெரியவர்கள் மாட்டைச் சுற்றி வருவார்கள். மூச்சு எப்படி இருக்கிறது, கால் எப்படி வைக்கிறது, சத்தத்துக்கு மிரள்கிறதா என்று பார்ப்பார்கள். பிராணியைப் பார்க்கிற அந்தப் பொறுமைதான் பேடக்கிலும் கைகொடுக்கிறது. ரேஸுக்கு முன்பே வியர்த்து நுரை தள்ளி நிற்கிற குதிரையின் மேல் நான் எழுதிய விழுக்காட்டைக் குறைத்துவிடுவேன்.

எதைத் தொடவே கூடாது

காதில் சொல்லப்படுகிற "உள் தகவல்". அது உங்கள் காதுக்கு வரும்போது, விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டிருக்கும். கடைசி வகுப்பில் பெரிய ஃபேவரிட் உருவாவதே பல நேரம் இப்படித்தான்.

ஒன்றுக்கு முப்பது, ஒன்றுக்கு ஐம்பது என்று நிற்கிற குதிரைகளையும் விட்டுவிடுங்கள். பத்து ரூபாயில் ஐந்நூறு என்ற ஆசை எல்லா நாட்டு மனிதருக்கும் பொது. 1949-இல் கிரிஃபித் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேஸ்களை எடுத்துக் கணக்குப் பார்த்தார். நீண்ட விலைக் குதிரைகளின் மேல் ஜனங்கள் அவற்றின் தகுதிக்கு மீறிப் பணம் கட்டுகிறார்கள், குறைந்த விலைக் குதிரைகளின் மேல் தகுதிக்குக் குறைவாகக் கட்டுகிறார்கள் என்று காட்டினார். பிறகு பல நாடுகளில் பலர் இதையே கண்டார்கள். என் பார்வையில் நல்ல விலைப் பிழை பெரும்பாலும் நடுவில் இருக்கிறது, ஒன்றுக்கு மூன்றிலிருந்து ஒன்றுக்கு எட்டு வரை.

டனாலா, ஜாக்பாட் போன்ற கூட்டுப் பந்தயங்களும் அப்படித்தான். ஒரே ரேஸில் முதல் மூன்றையும் வரிசையாகச் சொல்வது, ஐந்து ரேஸ் தொடர்ந்து சொல்வது என்று வாய்ப்பு பெருக்கிப் பெருக்கிச் சுருங்கிக்கொண்டே போகும். உங்கள் கணிப்பில் இருக்கிற சின்னப் பிழையும் அதே வேகத்தில் பெருகும்.

இன்னொரு வகை ரேஸையும் விட்டுவிடவேண்டும்: யார் உண்மையாக ஓடவந்திருக்கிறார்கள் என்று தெரியாத ரேஸ். ஒவ்வொரு குதிரையும் தன் முழுத் திறமையோடு ஓட்டப்படவேண்டும் என்பது பந்தயச் சட்டம். மீறுகிறவர்களைப் பந்தய அதிகாரிகளான ஸ்டூவர்டுகள் விசாரித்துத் தண்டிப்பார்கள். ஆனாலும் கடைசி வகுப்பில் பரிசுத்தொகை குறைவு, குதிரை வளர்க்கிற மாதச் செலவு அதிகம். புள்ளி இறங்கட்டும் என்ற சபலம் வரக்கூடிய இடம் அது. சந்தேகம் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். அடுத்த ரேஸ் அரை மணியில் வரும்.

வரி வந்த பிறகு கணக்கு

இதுவரை சொன்னதெல்லாம் திறமையின் பக்கம். இப்போது செலவின் பக்கம். இதைச் சொல்லாமல் குதிரைப் பந்தயம் பற்றி எழுதுவது தவறு என்று நினைக்கிறேன்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது குதிரைப் பந்தயத்துக்கு 28 விழுக்காடு. கிளப் எடுத்துக்கொள்கிற கமிஷனுக்கு மட்டும் போடாமல், கட்டுகிற முழுத் தொகைக்கும் என்று விதி எழுதினார்கள். அதை எதிர்த்துக் கிளப்புகள் வழக்குப் போட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த விழுக்காடு 40 ஆகிவிட்டது.

நம் கற்பனை ரேஸுக்குத் திரும்புவோம். மூன்றாவது குதிரை, ஒன்றுக்கு ஐந்து, பலகைப்படி 16.7 விழுக்காடு. அது வகுப்பு இறங்கி வந்த குதிரை. நீங்கள் நன்றாகப் படித்து 22 விழுக்காடு கொடுக்கிறீர்கள். இது பெரிய வித்தியாசம். 100 ரூபாய் கட்டினால், ஜெயித்தால் கையில் 600. அதில் 22 விழுக்காடு என்றால் சராசரியாக 132 ரூபாய். வரியே இல்லாத உலகத்தில் நூற்றுக்கு 32 ரூபாய் லாபம், அருமையான பந்தயம். 28 விழுக்காடு வரியோடு கட்டினால் செலவு 128. மிஞ்சுவது 4 ரூபாய். 40 விழுக்காட்டில் செலவு 140. சராசரியாக 8 ரூபாய் நட்டம். குதிரை அதே குதிரை, உங்கள் கணிப்பும் அதே கணிப்பு. நல்ல பந்தயம் கெட்ட பந்தயமாகிவிட்டது.

வேறு விதமாகவும் பார்க்கலாம். ஐந்தில் ஒரு முறை ஜெயிக்கிற குதிரைக்கு ஒன்றுக்கு நாலு என்பது சரிவிலை. 40 விழுக்காடு வரியில் ஒன்றுக்கு ஆறு கிடைத்தால்தான் முதலுக்கு மோசமில்லை. அதற்கு மேலே கிடைப்பதுதான் லாபம். இதற்குப் பிறகு வருமான வரி இருக்கிறது. பந்தயத்தில் ஜெயித்த பணத்துக்குத் தனியாக 30 விழுக்காடு. தோற்ற டிக்கெட்டுகளை அதிலிருந்து கழித்துக்கொள்ள முடியாது.

வரியில்லாமல் கட்டலாம் என்று தெருமுனையிலும் கைப்பேசியிலும் அழைக்கிறவர்கள் உண்டு. சட்டத்துக்கு வெளியே நிற்கிற அவர்களிடம் ஜெயித்தாலும் பணம் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கடனாகக் கட்டச்சொல்லிப் பிறகு வீட்டுக்கு ஆள் அனுப்புகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகவேண்டாம் என்று என் அண்ணன் மகனிடம் சொன்னதை எல்லா இளைஞர்களுக்கும் சொல்கிறேன்.

ஹாங்காங்கில் செய்தார்களே?

உடனே சிலர் பில் பென்டரின் பெயரைச் சொல்வார்கள். அமெரிக்கர். சீட்டாட்டத்தில் கணக்குப் போட்டுப் பழகியவர். 1980-களின் நடுவில் ஆலன் வுட்ஸ் என்ற ஆஸ்திரேலியரோடு ஹாங்காங் போய், கணினியில் குதிரைகளின் வாய்ப்பைக் கணித்துப் பெரும் பணம் சம்பாதித்தார். 1994-இல் தன் முறையை ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார். அதில் எனக்குப் பிடித்த பாடம் ஒன்று. தன் கணிப்பை மட்டும் நம்பியபோது அவருக்குச் சரியாக வரவில்லை. ஜனங்கள் கொடுக்கிற விலையையும் ஒரு தகவலாகச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் கணக்கு நின்றது. கூட்டத்துக்கும் ஏதோ தெரியும் என்ற பணிவு அவருடைய முறைக்குள்ளேயே இருந்தது. நீங்கள் 22 எழுதி, பலகை 17 சொன்னால், உண்மை நடுவில் எங்கோ இருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஹாங்காங்கில் டோட் குவியல் கடல் மாதிரி. நம்மூரில் கடைசி வகுப்பு ரேஸின் குவியல் சின்னது. உங்கள் பணமே உங்கள் விலையைக் குறைத்துவிடும்.

எவ்வளவு கட்டுவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1956-இல் பெல் ஆய்வகத்தில் ஜான் கெல்லி கண்ட சூத்திரம். வரியே இல்லாமல், 22 விழுக்காடு வாய்ப்பு, ஒன்றுக்கு ஐந்து விலை என்றால், கையிருப்பில் 6.4 விழுக்காடு கட்டலாம் என்று அது சொல்லும். உங்கள் கணிப்பு கொஞ்சம் தவறி உண்மை 17 விழுக்காடாக இருந்தால் அதே சூத்திரம் 0.4 விழுக்காடு என்று சொல்லும். ஐந்து விழுக்காடு தடுமாற்றத்தில் பந்தயமே காணாமல் போகிறது. கணிப்பு சரியாகவே இருந்தாலும், 22 விழுக்காட்டுக் குதிரைகள் தொடர்ந்து பத்துத் தடவை தோற்க ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பத்துத் தோல்வியின் நடுவில்தான் மனிதன் விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாகக் கட்டுகிறான்.

திறமை என்று நீதிமன்றம் சொன்னது

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டின் கதை நீளமானது. கிண்டியில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே குதிரை ஓடியிருக்கிறது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-இல் அமைந்தது. குடும்பங்கள் அழிகின்றன என்று 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1986-இல் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஜனவரியில், கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் பெருமளவு திறமையைச் சார்ந்தது, சூதாட்டமாகாது என்று தீர்ப்பு வந்தது. பிறகு தகராறு நிலத்துக்கு வந்தது: 2024 ஜூனில் ஊட்டிப் பந்தயத் திடலின் 52 ஏக்கரை அரசு மீட்டது; அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கர் குத்தகையையும் ரத்து செய்து கையகப்படுத்தியது; கிளப் நீதிமன்றம் போனது.

நிலம் யாருக்கு என்பதை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு 1974-இல் கவலைப்பட்டவர்களின் பேச்சும் நியாயமாகப் படுகிறது, 1996 தீர்ப்பும் நியாயமாகப் படுகிறது. திறமை இருக்கிறது என்பது உண்மை. மேலே நான் சொன்ன ஐந்தும் திறமைதான், உழைத்தால் யாருக்கும் வரும். அந்தத் திறமை இல்லாமல் சம்பளப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டியவர்களும் உண்மை. தீர்ப்பில் சொன்ன திறமை, டிக்கெட் வாங்கிய எல்லோர் கையிலும் தானாக வந்துவிடாது.

பணம் கட்டாமல் ஒரு பருவம்

விருப்பமுள்ளவர்களுக்கு என் யோசனை இது. ஒரு நோட்டு வாங்குங்கள். பெங்களூர், ஹைதராபாத், மும்பை, எங்கே ரேஸ் நடந்தாலும் கடைசி வகுப்பு ரேஸ்களை மட்டும் எடுங்கள். பழைய ஓட்டங்களைப் பார்த்து ஒவ்வொரு குதிரைக்கும் உங்கள் விழுக்காட்டை எழுதுங்கள். பக்கத்தில் கடைசி விலை. அதற்குப் பக்கத்தில் முடிவு. ஒரு பைசா கட்டவேண்டாம்.

நூறு ரேஸ் ஆனதும் கணக்கெடுங்கள். 20 விழுக்காடு என்று நீங்கள் எழுதிய குதிரைகளில் ஐந்துக்கு ஒன்று ஜெயித்திருக்கிறதா? எட்டுக்கு ஒன்றுதான் என்றால் உங்கள் கண் இன்னும் பழகவில்லை. அதை இலவசமாகத் தெரிந்துகொண்டீர்கள். ஐந்துக்கு ஒன்று சரியாக வந்திருந்தால், அடுத்த கணக்கு: அவற்றில் எத்தனை குதிரைக்கு ஒன்றுக்கு ஆறுக்கு மேல் விலை இருந்தது? ஒவ்வொரு டிக்கெட்டோடும் 40 விழுக்காடு வரியைச் சேர்த்து, லாப நட்டத்தை ஐந்தொகை எடுத்துப் பாருங்கள்.

நோட்டு போட்டவர்களில் பெரும்பாலோருக்கு, கட்டத் தகுந்த ரேஸ் மிக அபூர்வம் என்றுதான் தெரியவரும். இன்றைய வரி விகிதத்தில் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஆகவே நான் படிக்கிறேன், எழுதுகிறேன், பெரும்பாலும் கட்டுவதில்லை. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எல்லோரும் ஒதுக்கிய ஒரு குதிரை ஏன் தோற்கிறது, எப்போது ஜெயிக்கும் என்று கண்டுபிடிக்கிற சந்தோஷத்துக்கு டிக்கெட் வேண்டியதில்லை. கட்டியே தீரவேண்டும் என்று நினைக்கிறவர், தன் நோட்டு வரி கழித்த பிறகும் லாபம் காட்டுகிறதா என்று முதலில் பார்க்கட்டும். காட்டாதவரை அந்தப் பணம் வீட்டுக்குச் சொந்தம்.